அழையாத அட்மின்

ரவுதா கத்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

"ஷிராஸ், இங்க வா. புதுசா யாரோ உள்ள வந்திருக்காங்க."

ஸ்ஃபாக்ஸ் நகரத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மாடியறையில்தான் எங்கள் செய்தித்தளம் ரஸீஃப் நடந்தது. எல்லாம் சேர்த்து நாலே பேர். நிருபரான நான் என் செய்தியை மட்டும் எழுதித் திருத்தலாம். புகைப்படக்காரர் ஹம்மாதி எல்லார் செய்தியிலும் கைவைக்கலாம். படம் ஏற்ற முடியவில்லை என்று தினமும் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது. தளத்துக்குள் யாருக்கு எந்தக் கதவு திறக்க வேண்டும், எது பூட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வது ரவுதாவின் வேலை. அவளும் முதலாளி ஸி மோன்ஜியும் மட்டுமே அட்மின்கள்.

இப்போது மூன்றாவதாக ஒரு அட்மின் இருந்தான். பேர் என்று எதுவும் இல்லை. 'உதவி' என்று மட்டும் போட்டிருந்தது.

"முதலாளி யாரையாவது சேர்த்திருப்பாரு," என்றேன்.

"அவருக்குப் படத்தைத் திருப்பிப் போடவே தெரியாது, ஆள் சேர்ப்பாராக்கும்!" என்றபடி அந்தக் கணக்கை அழித்தாள். அப்பாடா என்று நான் என் மேசைக்குத் திரும்புவதற்குள் அது மறுபடி முளைத்திருந்தது. ரவுதா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அழிக்கப் போனாள். அவள் கண் முன்னாலேயே திரையின் ஓரத்தில் இருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 'பயனர்கள்' போனது. 'அமைப்புகள்' போனது. கடைசியில் என் திரையில் இருக்கும் அளவுக்குத்தான் அவள் திரையிலும் மிஞ்சியது.

"என்னை இறக்கிட்டான்," என்றாள். "நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்கான்டி. நான் தொடுறது ஒவ்வொண்ணும் அவனுக்குத் தெரியுது."

நான் அனிச்சையாக ஜன்னலைப் பார்த்தேன். அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

பிறகுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைப்பு வந்தது. எங்கள் தளத்தில் 'உப்புக்காரி' என்ற புனைபெயரில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டிய வடிகட்டிகளைக் கழுவி, அடுத்த நோயாளிக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதை வெளியே கொண்டுவந்த உப்புக்காரி, அதே பிரிவில் வேலை பார்த்த மெஹ்ரிஸியா என்ற நர்ஸ். ஊரே பேசியது. யார் எழுதுவது என்று மருத்துவமனைக்காரர்கள் தேடாத இடமில்லை. ஆனால் கணக்குத் தொடங்கும்போது ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தே ஆக வேண்டும். அவருடைய சொந்த முகவரி, முழுப் பேரோடு, உள்ளே இருந்தது. அட்மின்களின் கண்ணுக்கு மட்டும்.

"பார்த்திருப்பானா?"

ரவுதா செய்திகளின் வரிசையைத் திறந்து விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். நண்பகலில் தானாக வெளியாகும்படி ஒரு செய்தி காத்திருந்தது. தலைப்பு மட்டும் தெரிந்தது: 'உப்புக்காரி யார்? பெயரும் முகவரியும்.' அதைத் திறக்க எங்கள் இருவருக்கும் உரிமை இல்லை. நண்பகலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

நான் மெஹ்ரிஸியாவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் நர்ஸ்களின் போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மருத்துவமனை எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்தான். அது நாங்களே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் தளத்தின் சர்வரை வைத்திருக்கும் கம்பெனிக்கு ரவுதா அழைத்து, தளத்தை மொத்தமாக நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். சொந்தக்காரர் பேசினால்தான் செய்வோம் என்றுவிட்டார்கள். சொந்தக்காரரோ கெர்கென்னா தீவுக்கு மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் கப்பலில், நடுக்கடலில் இருந்தார். அவர் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

"ஹம்மாதி அண்ணன்!" என்றாள் ரவுதா திடீரென்று. "அவரால திறக்க முடியும்."

என் போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தோம். ஹம்மாதி மீன் சந்தையில் இருந்தார். பின்னால் ஏலம் விடும் கூச்சல்.

"அண்ணே, உங்க போன்ல தளம் திறந்திருக்கா?"

"இருக்கே, காலைல ஆக்டோபஸ் படம் ஏத்தினேன். ஏம்மா, அதையும் பிடுங்கப் போறியா? போன மாசம் என்னை நிருபர் அளவுக்கு இறக்குறேன்னு சொன்ன ராணி தானே நீ?"

"உங்க கால்ல விழறேண்ணே, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். செய்திகளுக்குப் போங்க. மேல ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு பாருங்க, திறங்க."

"இரு, கண்ணாடி போட்டுக்கிறேன்... ஆங். உப்புக்காரி யார். அட! யாருன்னு போட்டிருக்கான். மெஹ்—"

"சத்தமா படிக்காதீங்க!" இருவரும் ஒன்றாக அலறினோம்.

மறுமுனையில் மீன்காரர்களின் கூச்சல் மெல்லத் தள்ளிப் போனது. அதற்குப் பிறகு பேசிய ஹம்மாதியின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "வீட்டு முகவரி போட்டிருக்கான்மா. பிள்ளை படிக்கிற ஸ்கூல்கூட இருக்கு."

"பேர் கிடைச்சதும் மீதியை ஆஸ்பத்திரி ஃபைல்ல பார்த்து எடுத்திருப்பாங்க. குப்பைக்கு அனுப்புங்கண்ணே. இப்பவே."

"அனுப்பிட்டேன்."

வரிசையில் அந்தத் தலைப்பு மறைந்தது. மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது. இந்த முறை நண்பகல் வரைகூட இல்லை. பத்தே நிமிடத்தில் வெளியாகும்படி வைத்திருந்தான். ஹம்மாதி மறுபடி தூக்கி எறிந்தார். மறுபடி வந்தது. யாரென்றே தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்து, ஒரு நர்ஸின் வீட்டு வாசலை ஊருக்குக் காட்ட எங்களோடு கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். ரவுதா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றார் ஹம்மாதி. "என்னை வெளிய தள்ளிட்டான். பாஸ்வேர்ட் கேக்குது."

அதோடு எங்கள் கையில் எதுவும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்போதுதான் ரவுதாவின் போன் அடித்தது. ஸி மோன்ஜி.

"என்ன, ஆளாளுக்கு இத்தனை தடவை அழைச்சிருக்கீங்க? இப்பத்தான் கரை தெரியுது. தீ கீ பிடிச்சிருச்சா?"

"ஸி மோன்ஜி, உங்க பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?"

"பாஸ்வேர்டா... ஒரு பையன் வந்தான். தளத்தை இலவசமா அழகு பண்ணித் தர்றேன்னான். டை கட்டியிருந்தான், நல்ல குடும்பத்துப் பையன் மாதிரி—"

"கடவுளே! சர்வர் கம்பெனிக்கு அழைச்சு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் பேசாதீங்க. என்கிட்டயும் பேசாதீங்க, போனை வைங்க!"

முதலாளியிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரும் மறுபேச்சு பேசாமல் வைத்துவிட்டார்.

ரவுதா பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். தளம் இருந்தது. இருந்தது. இன்னும் இருந்தது. பிறகு திரை வெறும் வெள்ளையாயிற்று. அந்தச் செய்தி வெளியாவதற்குள் தளம் நின்றுவிட்டது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மதிய இடைவேளையில் மெஹ்ரிஸியாவே அழைத்தார். நடந்ததை ரவுதா ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்ப அவங்களுக்கு என் பேர் தெரியும்."

"தெரியும்க்கா. எங்களை மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மெஷின் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"தளம் திரும்ப வந்ததும் உப்புக்காரியை எடுத்துட்டு என் பேரைப் போடு. அவங்க வாயால வந்தா நான் கோள் சொல்லி. நானே சொன்னா நான் நர்ஸ். பிள்ளையை என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

"நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்கக்கா."

"யோசிச்சா பயம்தான் வரும். போடு."

சாயங்காலம் தளம் மீண்டது; ரவுதாவின் அட்மின் உரிமையும்தான். அந்த 'உதவி'யைத் துரத்தி, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, ரவுதா மெஹ்ரிஸியாவின் கணக்கைத் திறந்தாள். பேரை அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். "என்னால முடியலடி, நீ அமுத்து," என்று மவுஸை என் பக்கம் நகர்த்தினாள். நான்தான் அமுக்கினேன்.

அந்த வாரமே மெஹ்ரிஸியாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். சில நாட்கள் ஒரு மோட்டார் சைக்கிள் அவர் பின்னாலேயே போனது. அவர் பேரைப் பார்த்த பிறகு நோயாளிகளின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன; அரசாங்க ஆட்கள் வந்து அந்தச் சிறுநீரகப் பிரிவுக்குச் சீல் வைத்தார்கள். டை கட்டிய பையனை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெஹ்ரிஸியாவுக்கு மஹ்தியா என்ற ஊரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் எங்களைப் பார்க்க வந்தார். நாங்கள் நினைத்திருந்ததைவிட ஒல்லியான, சின்ன உருவம். காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு என் போன் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடந்ததே நல்லதாப் போச்சு. காலைலயே நீங்க அழைச்சப்ப எடுத்திருந்தேன்னா, பயத்துல, எழுதினது நான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்."