ஏழு முறை வாழ்த்து

பிரான்ஸில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்த புதிது. பிரெஸ்த் துறைமுகத்தில் அன்று காலை தூறல். கப்பலின் பின்புறத்தில் அரசப் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதியிருந்தார்கள். அதற்கான விழா.

என் கணவர் கோரந்தேன் அந்தக் கப்பலின் தலைவர். பாரீஸ் சபையில் எங்கள் ஊருக்குப் பிரதிநிதியும் அவர்தான்.

மாலுமிகள் பாய்மரக் கட்டைகளில் ஏறி வரிசையாக நின்றார்கள். தலைவர் குரல் கொடுக்க, அவர்கள் ஏழு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் அவர் கொடுத்த குரல் 'மன்னர் வாழ்க'. இப்போது அப்படிச் சொல்பவனுக்குத் தலை போகும். அந்தச் சட்டத்துக்குச் சபையில் அவரும் கை தூக்கியிருந்தார்.

பேசுகுழலை வாயில் வைத்தார்.

"மன்னர்..."

நிறுத்திவிட்டார்.

மேலிருந்து ஒருவன் கத்தினான். "குடியரசு வாழ்க!" உடனே எல்லோரும் கத்தினார்கள். ஏழு முறைக்குப் பிறகும் நிறுத்தவில்லை.

என் பக்கத்தில் லெ பிராஸ் நின்றிருந்தார். கயிறு திரிப்பவர், குடியரசின் எதிரிகளைத் தேடிப் பிடிக்கும் கண்காணிப்புக் குழு உறுப்பினர். குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஒன் புருஷன் முதல்ல என்ன சொன்னான் குடிமகளே?"

"குடியரசுன்னு."

"எனக்கு வேற மாதிரி கேட்டுச்சே."

"காதுல சணல் அடைச்சிருக்கும்."

சிரித்தார். "இருக்கும். மேல நின்னவன் காதுல சணல் இல்லையே."

இறங்கி வந்த மாலுமிகளை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் "குடியரசு" என்றார்கள். பாய் கட்டுபவன் ஒருவன் மட்டும் கூடுதலாகச் சொன்னான்: "தலைவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு பெரியவரே. விழாவுக்கு உங்க குழு குடுத்த பிராந்தி அப்படி."

கடைசியில் என் கணவரிடம் வந்தார். "நீயே சொல்லு, பிரதிநிதி."

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தேன். சொன்னால் அவர் தலையோடு, அவருக்காகப் பொய் சொன்ன அத்தனை மாலுமிகளின் தலையும் போகும். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தார்.

"குடியரசுன்னுதான் சொன்னேன்."

லெ பிராஸ் எழுதினார். கீழே கையெழுத்து வாங்கினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடாமல், குறிப்பேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தோம். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

"சபையில அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினப்போ, வாய் தவறிச் சொல்றவன நான் நினைக்கவே இல்ல, மாரிவோன்" என்றார்.

"மெதுவா பேசுங்க" என்றேன்.