லோவெலின் பிஸ்டலுக்கு ஒரு விலை

கொரீன் அந்தப் பிளாஸ்டிக் பிஸ்டல் பெட்டியை என் கடைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். என் மகன் லோவெல் ஒமாஹா சாலையில் பனியில் கார் வழுக்கி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடக்கத்துக்குப் பிறகு என் மருமகள் இவளை அன்றுதான் பார்க்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டுவிட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"எங்கம்மா வீட்டோட போயிடறேன் வெர்ன். அங்க இது வேணாம். சொந்தம்னு பார்க்காம விலையைச் சொல்லுங்க."

"சொந்தம்னு பார்த்திருந்தா இந்தத் துப்பாக்கிக் கடையை என்னைக்கோ மூடியிருப்பேன்" என்றேன்.

லோவெல் கல்லூரி முடித்தபோது நான் வாங்கிக் கொடுத்த பிஸ்டல் அது. அடுத்த வருடமே கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. எங்களுக்குள் பேச்சே அதைப் பற்றித்தான். சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்வான். "சுட்டியா?" என்பேன். "சுட்டேன்பா, நல்லா இருக்கு" என்பான். எந்தக் குண்டு, ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பேச்சு நீளும். மற்ற அப்பாக்கள் பிள்ளைகளோடு என்னத்தைப் பேசிக் கிழிக்கிறார்களோ, எனக்கு அது போதும். இத்தனை வருடம் சுட்டதில் தேய்ந்திருக்கும். அவன் கையால் தேய்ந்த அந்த இடங்களைப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றினேன். மேலே இருக்கும் ஸ்லைடை இழுத்து நிறுத்தி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தேன். அவளையும் பார்க்கச் சொன்னேன். யார் கொண்டுவந்தாலும் என் கடையில் இரண்டு பேர் பார்த்தாக வேண்டும். பிறகு ஸ்லைடைக் கழற்றித் திருப்பினேன்.

கம்பெனியில் தடவிய கிரீஸ் அப்படியே காய்ந்து தேன் நிறத்தில் ஒட்டியிருந்தது. குழலுக்குள் விளக்கடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கறுப்புப் பூச்சு எங்கேயும் உரியவில்லை. இரண்டாவது மேகசின் பிரிக்காத உறையிலேயே கிடந்தது.

"இதை அவன் சுடவே இல்ல" என்றேன்.

"அவனுக்கு அந்தச் சத்தமே ஆகாது வெர்ன்."

"அப்ப சனிக்கிழமை?"

"மத்தியானம் லைப்ரரிக்குப் போய் துப்பாக்கிப் பத்திரிகை எல்லாம் படிச்சிட்டு வருவான். சாயங்காலம் உங்ககிட்ட பேச ஏதாவது வேணுமே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"தெரியாது."

"கோவமா?"

"எதுக்குக் கோவம்? சுடாததுனாலதான் நல்ல விலை. சுட்டிருந்தா பாதிகூடத் தேறாது. நிறுத்தின மாடல், பெட்டி இருக்கு, உறை பிரிக்கல." என் வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. நிறுத்தத் தெரியவில்லை.

செக் எழுதிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வாடிக்கைக்காரர்களின் நாயைத் தட்டுவதுபோல் அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். பாவம், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துப்போகத் தோன்றவில்லை. அவன் கை பட்ட இடம் அதில் எங்கே இருக்கிறது? 'சுடாதது' என்று சீட்டு எழுதிக் கட்டி, கண்ணாடிக்குள் வைத்தேன்.

மறுவாரம் லிங்கன் நகரத்திலிருந்து ஒரு தாடிக்காரர் வந்தார். பழைய பிஸ்டல் சேர்க்கிறவர். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பொண்டாட்டியக்கூட இவ்வளவு பத்திரமா யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. யாருய்யா அந்த மகராசன்?"

சேர்க்கிறவர்கள் எல்லோரும் பணத்தை எடுக்குமுன் இதைக் கேட்பார்கள். முன்னால் வைத்திருந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டும் அவர்களுக்கு. வியாபாரத்துக்காக அதில் நான் பொய் சொன்னதில்லை.

"சொல்லத் தெரியலங்க" என்றேன். "அந்த ஆளோட எனக்குப் பழக்கம் இல்ல."