ஒருவருக்கான கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் எழுந்து பல் துலக்கினான். தேநீர் போட்டுக் குடித்தான். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து கோழியையும் முட்டையையும் மீனையும் எடுத்து ஒரு பையில் போட்டான். மனைவி எலுமிச்சைத் தோலால் அடுப்பு மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடை போவதற்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். குளிர் உள்ளே வந்தது.

பையை மேல்மாடியில் குடியிருக்கும் ஒல்லியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒல்லி இவனுடைய அலுவலகத்தில், இவன் குழுவிலேயே வேலை செய்பவன். ஊரிலும் ஒரே தெரு.

"மேனேஜர் சாப்பிட வர்றாராக்கும்? சரி, உன் கோழிக்கு என் வீட்ல விசா குடுத்துட்டேன். டெம்பரரிதான். ராத்திரிக்குள்ள வந்து எடுக்கலேன்னா குழம்புலதான் அதுக்கு பி.ஆர்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிய கை விலகவில்லை. தோளிலிருந்து குறுக்கே இறங்கி, சட்டைக்கு அடியில் எதையோ தேடியது. "என்னப்பா, பூணூலைக் காணோம்?" என்றார். "அறுந்துடுச்சு சார், மாத்தணும்" என்று இவன் வாய் சொல்லிவிட்டது. பயத்தில் வந்த ஒரு வார்த்தை. அதன்பிறகு அலுவலகத்தில் அவன் முட்டையைக்கூடத் தொட்டதில்லை.

இந்தக் கோடையோடு விசா முடிகிறது. பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமைக்கு நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும். குழுவுக்கு ஒருவரைத்தான் பரிந்துரைக்கும். கையெழுத்து மேலாளருடையது. அது கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கீழே வந்ததும் மனைவியிடம் மறுபடி கேட்டான். "உங்கப்பா என்ன பண்றார்னு கேட்டா?"

"கோயில்ல கணக்கு எழுதுறார்னு சொல்லணும். தெரியும். தெருக் கூட்டுற மனுஷனைக் கோயிலுக்குள்ள உக்கார வெச்சுட்டீங்க. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சந்தோஷப்படுவாரு."

"மெல்லப் பேசு."

"இப்ப இங்க யாருங்க இருக்கா?"

அழைப்பு மணி அடித்தது. அவன் போய்க் கதவைத் திறந்தான்.

மேலாளர் நல்ல மனநிலையில் இருந்தார். காலணியைக் கழற்றினார், வீடு பளிச்சென்று இருப்பதாகச் சொன்னார், சமையலறைப் பக்கம் மூக்கை ஒருமுறை திருப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மனைவி மேசையில் தட்டுகளை வைக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணு கேக்கணும்ப்பா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கையெழுத்தை உனக்குப் போடறதா, ஒல்லிக்குப் போடறதான்னு இழுத்துக்கிட்டே இருக்கேன். நெஜத்தைச் சொன்னா வேலையில அவன் உன்னைவிட ஒரு படி மேல. முன்னாடி சேர்ந்தவன் வேற. நம்ம ஆளா இருந்தா அவனுக்குப் போடறதுதான் நியாயம். இல்லேன்னா யோசிக்கவே வேண்டாம், உனக்குத்தான். ஆனா ஆளு பிடிபட மாட்டேங்கிறான். முதுகுல கை வெச்சா நழுவிடறான்."

அவன் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினான்.

"உங்க ஊர்க்காரன்தானே. என்ன ஆளு அவன்?"

மாடியில் ஒல்லி நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒல்லி 'நம்ம ஆள்' இல்லை என்று சொன்னால் போதும், நாளைக்கே கையெழுத்து. சொல்வதும் பொய்யில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது: தன்னைப் பற்றி இத்தனை காலம் பொய் சொன்ன இவரிடம் அவன் சொல்லப்போகும் முதல் உண்மை, ஒல்லியின் கழுத்தில் கத்தி.

"எனக்கு சரியாத் தெரியாது சார்" என்றான். மேலாளர் காத்திருந்தார். "ஆனா, கேள்விப்பட்ட வரைக்கும் அவங்க வந்து…"

அந்த 'ஆனா' அவருக்குப் போதுமாக இருந்தது. புரிந்தவர் போலத் தலையசைக்கத் தொடங்கினார்.

மனைவி கடைசித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. விருந்தாளியைத்தான் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"அவரும் நாங்களும் ஒரே தெரு, சார். ஒரே ஆளுங்கதான், உங்க ஆளுங்க இல்ல. சாப்பாடு ஆறுது, கை கழுவிட்டு வாங்க."