அதே மாத்திரை

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு எலிகளோடுதான் பிழைப்பு. பட்டினி போட்ட எலிகளில் பாதிக்கு முதலில் இலைச் சாறு புகட்டுவாள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றுக்கும் வலி மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பாள். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை புண்ணாக்கும். சாறு அதைத் தடுக்கிறதா என்று பிறகு வயிற்றைத் திறந்து லென்சில் பார்ப்பாள்.

கணவன் பஸ் டிரைவர். அவளை "எலி டாக்டர்" என்றுதான் கூப்பிடுவான்.

"எலிக்கே வயித்துல புண்ணு வருதுன்னா, அதுங்க வீட்லயும் மாமியார் இருக்கும்போல" என்று தன் அம்மா காதில் விழும்படி சொல்வான். அம்மா கரண்டியை ஓங்குவாள். கணவனிடம் அவள் தன் சோதனையைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள். மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. சாறு குடிக்காத எலிகளின் வயிற்றில் சிவப்புக் கீறல்கள். குடித்தவற்றில் தேடினாலும் ஒன்றிரண்டுதான். பேராசிரியை இரண்டு தடவை எண்ணிவிட்டு அவள் முதுகில் தட்டினார். அவள் உடனே கணவனுக்குப் போன் போட்டாள். கண்டக்டர் எடுத்தார்.

"அக்கா, பதறாதீங்க. அண்ணன் டிப்போவுல ரத்த வாந்தி எடுத்துட்டாரு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

வெள்ளைக் கோட்டோடு ஓடினாள். அதற்குள் அவனை ஆபரேஷனுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, புண் ரத்தக்குழாய் வரை அரித்துவிட்டது, காப்பாற்ற முடியவில்லை என்றார்.

நர்ஸ் அவனது காக்கிச் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். பாக்கெட்டில் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் இரண்டுதான் மிச்சம். அட்டையின் மேல், சோதனை நோட்டில் தினமும் அவள் தன் கையால் எழுதுகிற பெயர்.

"முதுகுவலிக்கு அக்கா. மூணு மாசமா போட்டுட்டிருந்தாரு" என்றார் கண்டக்டர். "காலைல வெறும் டீயோட. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அடுத்த தொகுதி எலிகள் காத்திருந்தன.

"புண் உண்டாக்க வேற வழியும் இருக்கும்மா. மாத்திரை வேண்டாம்" என்றார் பேராசிரியை.

"இதையேதான் மேடம் செய்யணும். ஜனங்க கடையில வாங்கி முழுங்கறது இதைத்தானே."

மாத்திரைகளைப் பொடித்தாள். கல்வத்தில் குழவி ஓடும் சத்தத்தைத் தாங்க முடியாமல் இரண்டு முறை வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டாள்: "இன்னைக்கும் அந்தச் சாறுதானா?"

"ஆமா அத்தே."

"கேக்குதா?"

"எலிக்குக் கேக்குது."

மாமியார் அடுப்பை அணைத்தாள். பிறகு, "என் புள்ளைக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாமேம்மா" என்றாள்.

மனிதர்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அவருக்குப் புண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது அத்தே" என்றாள்.

"எலிக்கு இருந்தா தெரியுது."

வஞ்சகமில்லாமல் வாயில் வந்துவிட்ட வார்த்தை. சொன்ன மறுகணம் மாமியார் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே வந்து, மருமகளின் முகத்தை வெறுங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது. இருவரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். அழுது ஓய்ந்த பிறகும் யார் முதலில் எழுந்திருப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.