கேட்காத காதில் சொன்னது

1
இந்தக் கதை ஓர் அறையில் பிறந்தது. முதல் வரைவில் அதை ஆய்வக அறை என்று எழுதிச் சமாளித்திருந்தேன். இல்லை. ஆறு வயது மகளின் செவிட்டில் நான் விட்ட அறை.

2
நடுக்காதுச் செல்களைத் தட்டில் வளர்ப்பது என் வேலை. கிருமி வந்தால் உடம்பு சில ரசாயனங்களைச் செய்தியாக அனுப்பும். அது கிடைத்ததும் அந்தச் செல்கள் சளி சுரக்கும். கிருமி போன பிறகும் செய்தி ஓயாவிட்டால் சளி பசைபோலச் செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும். பெரிதாக வலிக்காது. குழந்தைக்குக் காது மந்தமாகும். வீட்டில் அதைப் பிடிவாதம் என்பார்கள்.
(கடைசி வரி என் ஆய்வுக்கட்டுரையில் நானே எழுதியது.)

3
அன்று காலை செருப்பைப் போடச் சொன்னேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. மூன்று முறை சொன்னேன். அவளும் கொஞ்சம் திமிர் பிடித்த—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அடித்த பிறகு அவள் அழவில்லை. என் வாயைப் பார்த்து, "என்னம்மா சொன்னே?" என்றாள். அதையும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன்.

4
கண்டுபிடித்தது வகுப்பு டீச்சர். கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் பேசுகிறவர்கள் வாயையே பார்க்கிறாள், காதை ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் சளி. மாதக்கணக்காக இருக்கும் என்றார்.

"இவளே இதுலதான் ஆராய்ச்சி பண்றா, டாக்டர்" என்றார் என் கணவர், பெருமையாக. அறைந்தது அவருக்குத் தெரியாது.

"அப்போ உங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று டாக்டர் சிரித்தார்.

5
முடிவு, முதல் வடிவம்: சளி வடியச் செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கிறார்கள், அம்மா மன்னிப்புக் கேட்கிறாள், மகள் கட்டிக்கொள்கிறாள். எழுதிக் கிழித்துவிட்டேன்.

நடந்தது வேறு. குழாய் வைக்கப் போன அன்று காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னேன், "அம்மா உன்னை அடிச்சது தப்புடா" என்று. பின்னாலிருந்து, மெல்லிய குரலில். அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான்.

6
இப்போது அவளுக்கு எல்லாம் கேட்கிறது. சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுவது தூங்கவிடவில்லை என்று புகார் வேறு. கூடத்தில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் வந்து நிற்பாள்.

கொடுத்தேன், அடித்தது தப்பு என்று அவள் காதுபடச் சொன்னேன் என்று எழுத ஒரு வரி போதும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதவில்லை.