பெட்டி வீங்கிய காலை

அம்மாவின் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் அது. முற்றத்தை ஒட்டிய ஷெட்டில் நின்ற காரின் பின் இருக்கையில் அவளைக் கால் நீட்டி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணையும் கொடுத்தாயிற்று. மகள் முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ‘டிக்’ என்றதோடு சரி. வாரக்கணக்கில் எடுக்காத கார். பேட்டரி உயிரை விட்டிருந்தது.

அழகு நிலையம் நடத்தும் அவளுக்குக் காரை ஓட்டத்தான் தெரியும். அடுத்த தெருவில் இருந்த தம்பிக்குப் போன் போட்டாள். செத்த பேட்டரி வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டரோடு அவன் பறந்து வந்தான். செங்கல் அளவில் ஒரு கருப்புப் பெட்டி. அதில் செருகிய வயரின் நுனியில் சிவப்பும் கருப்புமாய் இரண்டு கவ்விகள்.

“அம்மாவ எறக்கிடலாமாடா?”

“ஏத்துறதுக்கே உயிர் போச்சு. ரெண்டு நிமிஷம் பொறுக்கா.”

“என்னை மூட்டை மாதிரி ஏத்தி எறக்காதீங்க” என்றாள் அம்மா உள்ளிருந்து.

பேட்டரியின் மேல் படிந்திருந்த வெள்ளை உப்பில் கூட்டல், கழித்தல் குறிகள் மறைந்துகிடந்தன. தம்பி துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை எஞ்சின் மேலேயே வைத்துவிட்டு, குத்துமதிப்பாகக் கவ்விகளை மாட்டினான். பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு துடித்தது.

“ஏதோ தப்புன்னு சொல்லுதுடா!”

“பேட்டரி சுத்தமா செத்திருந்தா இப்படித்தான் கத்தும். அதுக்குத்தான் இந்த பட்டன்.”

அது பெட்டியின் பாதுகாப்பையே அணைத்துவிடும் பட்டன். அவன் அழுத்தியதுதான் தாமதம், ‘படீர்’ என்று நீலப்பொறி தெறித்தது. புருவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

கத்தல் நின்றது. பெட்டியின் விலா மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. உள்ளே ஏதோ உஸ்ஸென்றது. ஒரு மாதிரி இனிப்பான, தொண்டையைப் பிடிக்கும் வாடை.

“என்னடி நாத்தம்?” என்றாள் அம்மா.

இறங்கி ஓட முடியாத அம்மா; அவளுக்கு முன்னால், ஒரு தகரத்துக்கு அந்தப்பக்கம், இது. தம்பி பெட்டியைத் தூக்கக் கை நீட்டினான்.

“தொடாதடா!”

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்றே அவளுக்குச் சந்தேகம். வயரின் செருகியைப் பிடுங்கினாள். சுவரோரம் இருந்த நீளத் துடைப்பத்தை எடுத்து, கட்டையால் பெட்டியை எஞ்சின் மேலிருந்து நெம்பித் தள்ளினாள். அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. திறந்திருந்த ஷட்டர் வழியாக முற்றத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டே போனாள். முற்றத்தின் நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். முதுகுக்குப் பின்னால் சீறல் கேட்டது. ஆள் உயரத்துக்குத் தீ.

அக்காவும் தம்பியுமாக அம்மாவை அலாக்காகத் தூக்கி, ஷெட்டின் பின்கதவு வழியாகத் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். புகை கண்ணை எரித்தது. மூட்டை என்று அம்மா இந்தமுறை முனகவில்லை. மகளின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் பெட்டி தானே எரிந்து கருகியிருந்தது. ஆனாலும் அதன்மேல் வெகுநேரம் தண்ணீர் அடித்தார்கள். “உள்ள இருக்கிறது போன்ல இருக்கிற மாதிரி பேட்டரிதான், மறுபடி பத்திக்கும்” என்றார் தீயணைப்புக்காரர். “தள்ளி விட்டது உங்க நல்ல நேரம்மா. இன்னொரு தடவ அந்த விளையாட்டு வேணாம். மொதல்ல ஆளை எறக்குங்க, அப்புறம் எட்ட ஓடுங்க. கத்துற பெட்டிய யாரும் அதட்டி வேலை வாங்கக் கூடாது.”

தம்பி தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை; அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

மாவுக்கட்டை மறுநாள் வாடகைக் காரில் போய்ப் பிரித்தார்கள். அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

“அக்கா, தூங்கப் போறப்போ போனை சார்ஜ்ல போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?”

“தெரியலடா” என்றாள். எழுந்து போய்த் தன் போனை வயரிலிருந்து பிடுங்கினாள். அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதைக் கீழே வைக்க இடம் தேடி அறை முழுக்கச் சுற்றிவந்தாள்.