திங்கட்கிழமை மாத்திரை

கல்வத்தி கால்வாயின் கரையில் அந்தத் திங்கட்கிழமையும் ஆட்கள் வாந்தி எடுத்தார்கள். முதலில் ஒரு பெண் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மதிலோரம் போய்க் குனிந்தாள். அவள் தலையைப் பிடிக்கப் போனவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காலைச் சாயா வருவதற்குள் கூட்டத்தில் பாதிப் பேர் தூங்குமூஞ்சி மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். சுபாஷிணி தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலுமாக அவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். ஓடினாளே தவிர, என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லோரும் நன்றாக இருப்பார்கள். சனிக்கிழமை வரை ஒரு குறையும் இருக்காது. திங்கள் வந்தால் மறுபடியும் இதே கூத்து.

மழைக்கு முன்னால் மட்டாஞ்சேரியின் கால்வாய்களையும் அவற்றை ஒட்டிய பொது நிலங்களையும் சுத்தம் செய்யும் வேலையை ஓர் ஒப்பந்தக் கம்பெனி எடுத்திருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வது சுபாஷிணியின் பொறுப்பு. இதற்கு முன் வல்லார்பாடத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் இதே வேலையைப் பார்த்தவள். அங்கே தரையில் மஞ்சள் கோடு இருக்கும். கோட்டுக்கு உள்ளே வந்தால் ஹெல்மெட் போடவேண்டும், வெளியே போனால் கழற்றிக்கொள்ளலாம். இங்கே கோட்டை எங்கே போடுவது? கரையில் ஆடு மேயும், ஆட்டோக்காரர்கள் வண்டி கழுவுவார்கள், எதிர் வீட்டுக்காரர் துணி உலர்த்துவார், யாரோ வந்து உடைந்த கண்ணாடியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். காலையில் பார்த்துவைத்த இடம் மத்தியானம் வேறு இடமாக இருக்கும்.

கம்பெனி அவளை எடுத்ததே தமிழ் தெரியும் என்பதால்தான். பாலக்காட்டிலிருந்து வந்து செர்லாயில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். பேச்சில் மட்டும் தனக்கு ஒரு தடங்கலும் இல்லை என்று நினைத்திருந்தாள். ஆட்கள் பெரும்பாலும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பொங்கலுக்குப் பிறகு வந்தவர்கள். மேஸ்திரி இசக்கிமுத்து மட்டும் பழைய ஆள். கும்பளங்கியில் பெண் கட்டி, அங்கேயே வீடும் வைத்துக்கொண்டு, பாதி மலையாளியாகிவிட்டவர்.

கால்வாய்த் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் ஏறிவிடும். அது வராமல் இருக்க வாரம் ஒரு தடவை மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஆட்கள் வந்து சேர்ந்ததும் சுபாஷிணி தன் கையாலேயே கொடுப்பாள். மலையாளத்தில் அந்த நோய்க்கு எலிப்பனி என்று பெயர். பனி என்றதும் இவர்கள் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்வார்களோ என்று, அது காய்ச்சல்தான் என்பதை முதல் நாளே இரண்டு முறை விளக்கியிருந்தாள். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இருந்தாள்.

வாந்தி தொடங்கியதும் முதலில் மாத்திரையின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவளும் கால்வாயில் இறங்குகிறவள், அவளும் அதே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். இசக்கிமுத்துவும் போடுகிறார். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரி, மாத்திரை இல்லை என்று விட்டுவிட்டாள். வெயிலாக இருக்குமோ என்று தார்ப்பாய் கட்டி நிழல் போட்டாள், உச்சி வேளையில் வேலையை நிறுத்தினாள். வெயில் எல்லா நாளும்தானே அடிக்கிறது? சேற்றைக் கிளறும்போது கிளம்பும் வாயுவோ என்று, திங்கட்கிழமைகளில் யாரையும் கால்வாயில் இறக்காமல் கரையில் புல் வெட்ட வைத்தாள். புல் வெட்டினவர்களும் வாந்தி எடுத்தார்கள். குடிதண்ணீர் கேனை மாற்றினாள். ஒன்றும் மாறவில்லை. மேனேஜர் ஹரிநாராயணன் போனில் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சரக்குதான் காரணம் என்றார் இசக்கிமுத்து. லீவு நாளில் குடித்துவிட்டு மறுநாள் வெயிலில் நின்றால் பின்னே என்ன ஆகும் என்றார். குழம்பிக் கிடந்தவளுக்கு அது ஒரு பிடிமானமாகத் தெரிந்தது. பெண்களும்தானே வாந்தி எடுக்கிறார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. சில வாரங்களுக்கு முன், வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்த பிச்சைமணியிடம், ஞாயிற்றுக்கிழமை குடிக்காமல் இருந்தால் திங்கட்கிழமை இந்தப் பாடு வராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பிச்சைமணி, அதே கூட்டத்தில் வேலை செய்யும் ஒச்சம்மாளின் தம்பி. அப்பா குடித்தே செத்ததால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்.  அவன் அன்றிலிருந்து சுபாஷிணியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். மாத்திரையை வாங்கும்போதும் அவள் கையைத்தான் பார்ப்பான்.

இந்தத் திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. உடம்பு அசதி என்று மட்டும் ஒச்சம்மாள் சொல்லியிருந்தாள். சாயா வந்த நேரத்தில் அந்த ஒச்சம்மாளே புல் கட்டோடு சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தும் எழுந்திருக்கவில்லை. கண் பாதி திறந்து கிடந்தது. சுபாஷிணியும் இசக்கிமுத்துவும் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். இசக்கிமுத்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட, சுபாஷிணி மட்டும் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு பஜார் ரோடு நெரிசலில் ஊர்ந்து ஒரு கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தாள்.

குளுக்கோஸ் ஏறியதும் ஒச்சம்மாளுக்குத் தெளிவு வந்தது. டாக்டர் மலையாளி, வயதான பெண்மணி. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள் ஒச்சம்மாள்.

"ஏன் சாப்பிடலை?" என்று கேட்டாள் சுபாஷிணி.

"நீங்கதானம்மா சொன்னீக."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆகாரம் கழிச்சிட்டு மாத்திரை போடணும்னு."

"அதே. அதைத்தான் சொன்னேன். பின்னே ஏன் கழிக்கலை?"

"கழிச்சிட்டுத்தானம்மா போட்டேன்."

சுபாஷிணி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சுபாஷிணியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அந்த வார்த்தைகளில் ஒரு தப்பும் கேட்கவில்லை, ஆனால் பேச்சு பொருந்தவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட்டேன் என்கிறாள், சாப்பிடவே இல்லை என்றும் சொல்கிறாள். மயக்கத்தில் உளறுகிறாளோ என்று டாக்டர் டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒச்சம்மாள் சரியாகப் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிளினிக் ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.  சுபாஷிணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"கழிச்சிட்டுன்னா என்ன ஒச்சம்மா?"

"கழிக்கிறதுன்னா வேணாம்னு ஒதுக்குறது. பேதி மருந்து மாதிரி வெறும் வயித்துல போடணும்போலன்னு நெனச்சோம். ஞாயித்துக்கிழமை ராத்திரியிலருந்தே நாங்க யாரும் சாப்பிடுறதில்லம்மா."

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. சுபாஷிணியின் வீட்டுத் தமிழிலும் அந்தச் சொல் எப்போதோ வந்து குடியேறிவிட்டது. அம்மா அவளிடம், ஏதாவது கழிச்சியா என்று கேட்டால் ஏதாவது சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். பிறந்ததிலிருந்து அவள் அதைத் தமிழ் என்றே நினைத்துப் பேசிவந்தாள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும், அதோடு வெயிலில் நின்றால் மயக்கமும் வரும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சுபாஷிணியின் காதில் பாதிதான் விழுந்தது. திங்கட்கிழமைதோறும் பட்டினியாக வந்து வரிசையில் நின்று தன்னிடம் கை நீட்டிய முகங்கள்தான் கண்ணில் நின்றன. வேறு எந்தெந்தச் சொல்லை இப்படித் தலைகீழாகச் சொல்லியிருக்கிறோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பூட்ஸைப் பற்றி என்ன சொன்னோம்? கண்ணாடித் துண்டைப் பற்றி என்ன சொன்னோம்?

கிளம்பும்போதுதான் ஒச்சம்மாள் தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னாள். தம்பிக்கு அசதி இல்லை, காய்ச்சல். வெள்ளிக்கிழமையிலிருந்தே அடிக்கிறது.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"சொல்லாதேன்னுட்டான். குடிச்சதாலதான்னு மேடம் சொல்லுவாகன்னான்."

அதே ஆட்டோவில், ஆட்கள் தங்கியிருந்த தோப்பும்படிக்குப் போனார்கள். அறையில் பிச்சைமணி சுவரோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. கெண்டைக்காலைத் தொட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டான். குதிகாலில் ஒரு வெட்டுக்காயம், ஆறாமல் வெளுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் வரமாட்டேன் என்றான். ஒச்சம்மாள் அவனை ஏதோ திட்டினாள். வேகமாகப் பேசியதில் சுபாஷிணிக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவன் எழுந்தான்.

எலிக்காய்ச்சல்தான் என்று மறுநாள் தெரிந்தது. சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். அந்த வாரம் முழுக்க சுபாஷிணி காலையில் கால்வாய்க்கரை, மாலையில் ஆஸ்பத்திரி வராந்தா என்று இருந்தாள். கரையில் ஆட்களைக் கூட்டிவைத்து நடந்ததைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். யாரும் கோபப்படவில்லை. அப்படியா என்று கேட்டுக்கொண்டு சிலர் சிரித்தார்கள், ஒரு பெண் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டாள். இசக்கிமுத்துதான் மிகவும் கலங்கிப்போனார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைக் கேட்டவர் அவர். அவருக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். ஆனாலும் உறைக்கவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கள் முதல் கரையிலேயே இட்லி கொடுக்க ஹரிநாராயணன் ஏற்பாடு செய்தார். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. எப்படிப் போடவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதையெல்லாம் சுபாஷிணி ஒச்சம்மாளிடம் சொல்லுவாள். ஒச்சம்மாள் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, தன் பேச்சில் எல்லோருக்கும் சொல்லுவாள். வாந்தி நின்றது.

பிச்சைமணி பிழைத்து வந்தான். பாதி உடம்பாகியிருந்தான். அவன் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை வானம் மூடிக்கிடந்தது. சுபாஷிணி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தான் சொன்னது தப்பு என்றாள்.

"எதைச் சொல்றீங்க மேடம், மாத்திரையவா, குடியவா?"

"ரெண்டையும்தான்."

"மாத்திரை விஷயம் தெரியாம சொன்னீங்க." அவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

வாந்தியோடு மாத்திரையும் வெளியே போனதால் காய்ச்சல் வந்ததா, கோபத்தில் அவன் மாத்திரையையே எறிந்துவிட்டானா, பூட்ஸுக்குள் தண்ணீர் புகுகிறது என்று கழற்றிவைத்ததால் வந்ததா என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. இனி வேறு யாருக்கும் வராமல் இருக்க அது தெரிந்தாக வேண்டும். கேட்டாள். சில வாரம் போட்டேன் என்றான். எந்த வாரம் என்று கேட்டதற்கு, ஞாபகமில்லை என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிட்டானா என்பதும் தெரியவில்லை.

ஒச்சம்மாள் கூப்பிட்டாள். அவன் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். சுபாஷிணி நீட்டிய மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பூட்ஸை மாட்டக் குனிந்தான். விழுங்கினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று நினைத்து, எந்த வார்த்தையில் கேட்பது என்று யோசிப்பதற்குள் அவன் கால்வாயில் இறங்கிவிட்டான். முதல் தூறல் விழத் தொடங்கியது. அவளும் தன் பூட்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள்.